பத்து வருடம் கழித்து மறுபடியும் வில் வேட்டை: 600 டாலருக்குள் எந்தக் காம்பவுண்ட் வில்?

கேட்டவர் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறார். 2014 வரை ஒவ்வொரு இலையுதிர் காலமும் மான் வேட்டைக்குப் போனவர். குழந்தை பிறந்ததும் வில்லை விற்றுவிட்டார். இப்போது வயது 44, வலது தோளில் அவ்வப்போது வலி, கையில் 600 டாலர். கடையில் எடுத்தவுடன் காட்டிய காம்பவுண்ட் வில்லே (நுனிகளில் சக்கரம் வைத்த வில்) 1,300 டாலராம், அதுவும் சைட் (குறி பார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்) எதுவும் இல்லாமல். "பட்ஜெட் வில்லை நம்பிக் காட்டுக்குள் போகலாமா, இல்லை இன்னும் ஒரு வருடம் காசு சேர்க்கட்டுமா?" என்பது அவர் கேள்வி.

போகலாம். இந்த வருடமே போகலாம். ஆனால் எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் உடம்பை அளந்துகொள்ளுங்கள். நான் மிச்சிகனில் இருபது வருடமாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறேன். எங்கள் ஊர் வில் கிளப்பில் இப்படி இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு அளவு பார்த்துக் கொடுப்பதும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் பழைய எண்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு வருவார்கள். "எனக்கு 70 பவுண்டு, 29 அங்குலம்" என்பார்கள். அந்த எண்கள் அன்றைக்கே சரியாக இருந்ததா என்பது ஒரு கேள்வி. இன்றைய தோளுக்கு அவை பொருந்துமா என்பது இன்னொரு கேள்வி.

டிரா லெங்த்திலிருந்து, அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். வந்த அங்குலத்தை 2.5-ஆல் வகுத்தால் உங்கள் டிரா லெங்த் ஏறக்குறைய வந்துவிடும். ஐந்தடி ஆறு அங்குல உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் 66 அங்குலம் வரும், அதாவது 26.4. அவருக்கு 26 அல்லது 26.5-ல் அமைத்த வில்தான் சரி. ஆனால் கடைகளில் தொங்கும் வில்கள் பெரும்பாலும் 28, 29-ல் அமைத்து வைத்திருப்பவை. நம் ஆட்கள் பலர் பழைய நாட்களில் அப்படியே வாங்கி, ஒன்றரை அங்குலம் அதிகமான வில்லோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நீளம் அதிகமானால் உடம்பு பின்னால் சாயும், வில்லைப் பிடித்த தோள் மேலே ஏறும், நாண் முன்கையில் அடிக்கும், அம்பு இடமும் வலமுமாகச் சிதறும். குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டால் நாண் அதன் கையிலும் உரசும். உங்கள் தோள் வலிக்கே பழைய வில்லின் நீளம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அரை அங்குலம் குறைவாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அரை அங்குலம் கூடினால் கெடுதல்.

அடுத்தது டிரா வெயிட், நாணை இழுக்கத் தேவைப்படும் பலம். இங்கேதான் மனசு உடம்பை ஏமாற்றும். கடையில் நின்றுகொண்டு, உடம்பு சூடாக இருக்கும்போது 65 பவுண்டை யார் வேண்டுமானாலும் இரண்டு தடவை இழுத்துவிடுவார்கள். நவம்பர் காலை ஆறரை மணியை நினைத்துப் பாருங்கள். மரத்தின் மேல் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து விரல்கள் விறைத்திருக்கும். மான் இருபது கஜத்தில் நிற்கும். அப்போது நாணை மெதுவாக, சத்தமில்லாமல், வில்லைத் தூக்காமல் நேராகப் பின்னால் இழுக்க முடிய வேண்டும். அதனால் கடையில் ஒரு நாற்காலி கேளுங்கள். அதில் உட்கார்ந்து, பாதங்கள் இரண்டையும் தரையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கி வைத்துக்கொண்டு, வில்லை இலக்குக்கு நேராக நீட்டி இழுங்கள். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, அப்புறம் கீழே இறக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் அந்த எடை உங்களுக்கு அதிகம். ஐந்து பவுண்டு குறைத்து மறுபடி இழுங்கள். இழுத்த நிலையில் முப்பது விநாடி பிடித்திருந்து, அம்பை விடாமலே மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். மான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் காட்டில் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். தோள் வலி இருப்பவருக்கு 50-க்கும் 55-க்கும் நடுவில் எங்கோ ஓர் எண் வரும் என்பது என் அனுபவம்.

"50 பவுண்டு மானுக்குப் போதுமா?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. போதும். ஒஹாயோ சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எடை 40 பவுண்டு. பக்கத்துப் பென்சில்வேனியாவில் 35. சட்டம் விட்டாலும் மானின் விலாவை அம்பு ஊடுருவிப் போக வேண்டும் அல்லவா, அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வில்லின் பெட்டியில் 320 என்று ஒரு வேகம் அச்சடித்திருக்கும், விநாடிக்கு அத்தனை அடி என்று அர்த்தம். அது ஐபிஓ என்ற வில் வேட்டைக்காரர் அமைப்பின் முறையில் அளந்தது: 70 பவுண்டு வில், 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் அம்பு (கிரெயின் என்பது அம்பை நிறுக்கும் சிறிய எடை அளவு). நீங்கள் 30 அங்குலம் இழுக்கும் ஆள் இல்லை. ஓர் அங்குலம் குறைந்தால் வேகத்தில் சுமார் பத்து அடி குறையும். ஒரு பவுண்டு குறைந்தால் சுமார் இரண்டு அடி. அம்பில் மூன்று கிரெயின் கூடினால் ஓர் அடி. நாணில் பீப் (குறி பார்க்கும் சின்ன ஓட்டை வளையம்), டி-லூப் (நாணை இழுக்கும் கயிற்று வளையம்) கட்டுவதற்கு நாலைந்து அடி. நீங்கள் 27 அங்குலம், 58 பவுண்டு, 400 கிரெயின் அம்பு என்று வைத்துக்கொண்டால் 320 என்பது 245 பக்கம் வந்து நிற்கும். பார்க்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கிரெயினை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240-ஆல் வகுத்தால் அம்பின் ஆற்றல் சுமார் 53 அடி-பவுண்டு வருகிறது. மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41 வரை போதும் என்பது அம்புத் தயாரிப்பாளர் ஈஸ்டன் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் அளவுகோல். எல்க் என்ற பெரிய மானுக்கும் கரடிக்கும்தான் அதற்கு மேல். 50 பவுண்டுக்கு இறங்கி 230 அடி வேகம் கிடைத்தாலும் 47 கையில் இருக்கிறது. வெள்ளைவால் மானுக்கு அது தாராளம்.

வேகத்துக்காக 700 டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சொல்பவர்களிடம் நான் இன்னொரு கணக்கையும் சொல்வேன். நாண் விடும் சத்தம் விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகிறது. முப்பது கஜம் என்பது 90 அடி. சத்தம் 0.08 விநாடியில் மானின் காதுக்குப் போய்விடும். 250 அடி வேக அம்பு போய்ச் சேர 0.36 விநாடி ஆகும். 290 அடி வேக அம்புக்கு 0.31. எந்த வில்லாக இருந்தாலும் சத்தம்தான் முதலில் போய்ச் சேர்கிறது. மிரண்ட மான் ஓடுவதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும், அந்த நேரத்தில் அம்பு அதன் முதுகுக்கு மேலே போகும். 0.05 விநாடி அதைக் காப்பாற்றாது. வில் சத்தமில்லாமல் இருப்பதும் நீங்கள் இருபது கஜத்தில் காத்திருப்பதும்தான் காப்பாற்றும். கொஞ்சம் கனமான அம்பு போட்டால் வில்லின் சத்தமும் அதிர்வும் தானாகக் குறையும். செலவில்லாத மருந்து அது.

சரி, இந்தப் பத்து வருடத்தில் என்னதான் மாறியிருக்கிறது? அடிப்படை மாறவில்லை. மிசூரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் பெற்ற அதே கருத்துதான்: லிம்ப் (வில்லின் வளையும் கை) நுனியில் மையம் விலகிய சக்கரம், நடுவழியில் பாரம் உச்சம், கடைசியில் பாரம் இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் லெட்-ஆஃப். பழைய தலைமுறை வில்களில் 65 சதவீதம் சாதாரணம். இன்றைக்கு 400 டாலர் வில்லிலேயே 75, 80 கிடைக்கிறது. 70 பவுண்டு வில்லில் 65 சதவீதம் என்றால் பிடித்திருக்கும்போது கையில் 24 பவுண்டுக்கு மேல் இருக்கும். 55 பவுண்டில் 80 சதவீதம் என்றால் 11 பவுண்டுதான். தோள் வலிக்காரருக்கு வேகத்தைவிட இந்த வித்தியாசம் பெரிது. இரண்டாவது மாற்றம், கேமில் (அந்தச் சக்கரத்தில்) இருக்கும் மாட்யூல் என்ற சின்னத் துண்டை ஒரு அறுகோணச் சாவியால் தளர்த்தி நகர்த்தி டிரா லெங்த்தை மாற்றிக்கொள்ளலாம். பட்ஜெட் வில்கள் பலவற்றில் இதற்குப் பிரெஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வேண்டாம். பழைய வில்கள் சிலவற்றில் அரை அங்குலம் மாற்றக் கேமையே மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது மாடல்களுக்கு வருகிறேன். பேர் ஆர்ச்சரி என்ற நிறுவனத்தின் லெஜிட் வில் 10 முதல் 70 பவுண்டு வரை, 14 முதல் 30 அங்குலம் வரை நகரும். அதே நிறுவனத்தின் குரூசர் ஜி2 வில்லில் 5 முதல் 70 பவுண்டு, 12 முதல் 30 அங்குலம். போடெக்கின் துணைப் பிராண்டான டைமண்டில் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 5 முதல் 70 பவுண்டு, 13 முதல் 31 அங்குலம். அதே டைமண்டின் இன்ஃபினிட் 305-ல் 7 முதல் 70 பவுண்டு, 19 முதல் 31 அங்குலம். பிஎஸ்இ-யின் ஸ்டிங்கர் வரிசையும் இதே விலைக் கட்டத்தில்தான். சைட், ரெஸ்ட், அம்புக்கூடு எல்லாம் மாட்டி 'ரெடி டு ஹன்ட்' என்று விற்கும் பொதியாக இவை 400 முதல் 550 டாலருக்குள் கிடைப்பதைத்தான் பார்த்துவருகிறேன். போன வருட மாடல்கள் ஜனவரி, பிப்ரவரியில் இன்னும் இறங்கும்.

உங்களுக்கு என் முதல் தேர்வு லெஜிட் அல்லது இன்ஃபினிட் 305. இவற்றில் ஏப்ரலில் 40 பவுண்டில் தொடங்கி, மாதம் மூன்று மூன்றாக ஏற்றி, செப்டம்பரில் 55-க்கு வந்துவிடலாம். இரண்டாவது வில் வாங்காமலே தோளைத் தயார்ப்படுத்த இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. இந்த அகன்ற வீச்சு வில்களைச் சிறுவர் வில் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. ஆனால் அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. எந்தக் காம்பவுண்ட் வில்லும் தன் உச்ச எடைக்கு அருகில்தான் நன்றாக வேலை செய்யும். 70 பவுண்டு வில்லை 40-க்கு இறக்கினால் லிம்பைப் பிடித்திருக்கும் போல்ட் பல சுற்று வெளியே நிற்கும், வில் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். பயிற்சிக் காலத்துக்கு அது பரவாயில்லை. தோள் ஏற்கெனவே திடமாக இருந்து 55-ல் நிற்கலாம் என்று உறுதியாகத் தெரிந்தால், 60 பவுண்டு உச்சமுள்ள லிம்போடு வரும் வில்லைக் கேளுங்கள். ஹோய்ட்டின் டாரெக்ஸ் போன்றவை அந்த வகை. பிடி இன்னும் இறுக்கமாக, பின்சுவர் (முழுதும் இழுத்ததும் நாண் முட்டி நிற்கும் இடம்) இன்னும் திடமாக இருக்கும், விலை கொஞ்சம் ஏறும்.

அச்சுக்கு அச்சு நீளம் (மேல் சக்கர அச்சிலிருந்து கீழ்ச் சக்கர அச்சு வரை) 30 முதல் 32 அங்குலம் இருந்தால் மர ஸ்டாண்டுக்கும் தரைக் கூடாரத்துக்கும் ஏற்றது. பிரேஸ் ஹைட், அதாவது இழுக்காத நிலையில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, ஆறரையிலிருந்து ஏழு அங்குலம் இருக்கட்டும். குறைவாக இருந்தால் வேகம் கூடும், கையின் சின்னத் தவறும் அம்பில் பெரிதாகத் தெரியும். திரும்பி வருகிறவருக்கு அந்த வியாபாரம் லாபமில்லை.

பழைய வில் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 600 டாலரில் அதிக மதிப்பும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். 1,200 டாலருக்கு விற்ற உச்ச மாடல் நாலைந்து வருடத்தில் பாதி விலைக்கும் கீழே இறங்கிவிடும். மேத்யூஸ், ஹோய்ட் போன்றவற்றின் நாலு வருடப் பழைய வில் நல்ல நிலையில் கிடைத்தால் அது உங்களுக்கு இன்னும் பத்து வருடம் உழைக்கும். ஆனால் கையில் வாங்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன். எட்டு வருடம் முன்பு இணைய விளம்பரத்தில் மூன்று வருடப் பழைய வில் ஒன்று. படங்களில் பளபளவென்று இருந்தது. தபாலில் வந்து இறங்கியதும் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து லிம்ப்களின் ஓரத்தில் மெதுவாக ஓட்டினேன். மேல் லிம்பில் தடங்கலில்லாமல் ஓடியது. கீழ் லிம்பில், அதன் அடி பொருந்தியிருக்கும் பாக்கெட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஓர் இடத்தில் மட்டும் பஞ்சின் இழை சிக்கி நின்றது. விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் தலைமுடி அளவு ஒரு விரிசல், வண்ணப் பூச்சுக்கு அடியில். யாரோ அம்பில்லாமல் நாணை விட்டிருக்க வேண்டும். அம்பு ஏற்றுக்கொள்ள வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்புக்கும் கேமுக்கும் திரும்பிவிடும் என்பதால் ஒரே ஒரு தடவை அப்படி விட்டாலும் இப்படித்தான் ஆகும். தயாரித்தவர்களைக் கேட்டேன். உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும் என்றார்கள். பெரும்பாலான வில் நிறுவனங்களின் விதி அதுதான். புது லிம்ப் ஜோடிக்கு நான் கொடுத்தது, வில்லுக்குக் கொடுத்ததில் பாதி. அந்த விரிசலோடு முழு இழுப்பில் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் பஞ்சு உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். லிம்ப் ஓரங்கள் நான்கையும் தடவிப் பாருங்கள். கேமின் பள்ளத்தில் நகத்தை ஓட்டி நெளிசலோ பொளிவோ இருக்கிறதா பாருங்கள். நாணின் சர்விங் (மேலே சுற்றிய காப்பு நூல்) பிரிந்து உள்ளிழை தெரிகிறதா, நாண் பூனைமுடி போலச் சிலிர்த்திருக்கிறதா பாருங்கள். நாணும் கேபிளும் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வேலைக் கூலியோடு 100 முதல் 150 டாலர் ஆகும், அதைப் பேசும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அந்த வில்லின் மாட்யூல் உங்கள் டிரா லெங்த்துக்கு நகருமா, இல்லை தனியாக வாங்க வேண்டுமா, வாங்கினால் இன்னும் கிடைக்கிறதா என்பதைப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 29 அங்குலத்துக்கு மட்டும் அமைந்த அருமையான வில் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடைசியாக, வில் கடைக்காரரின் பிரெஸ்ஸில் வைத்து ஒரு தடவை பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் சம்மதிப்பார்.

பொதியில் வரும் சாமான்கள் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பின் (குறி முள்) உள்ள சைட் போதும்: 20, 30, 40 கஜம். 40 கஜத்துக்கான பின் பயிற்சிக்கு. அம்பைச் சுற்றிப் பிடிக்கும் விஸ்கர் பிஸ்கெட் ரெஸ்ட் கொடுத்திருந்தால் அதை மாற்ற அவசரப்படாதீர்கள். அதிலிருந்து அம்பு நழுவி விழாது, உடைய அதில் ஒன்றுமில்லை. அம்பு கிளம்பியதும் கீழே விழும் வகை ரெஸ்ட் கொஞ்சம் துல்லியமானது, ஆனால் இந்த வருடம் அதற்குக் காசு இல்லை. பொதியில் ரிலீஸ் (மணிக்கட்டில் கட்டி நாணைப் பிடித்து விடும் கொக்கி) வராது. அதற்கு 50 டாலர் தனியாக எடுத்து வையுங்கள். பழைய ரிலீஸ் அலமாரியில் கிடக்கிறது என்றால் அதன் கொக்கி தேய்ந்திருக்கிறதா, பட்டை கிழிகிறதா என்று பார்த்த பிறகே நாணில் மாட்டுங்கள். பாதி இழுப்பில் கழன்றால் உங்கள் முஷ்டி உங்கள் வாயில்தான் வந்து இடிக்கும்.

ஆக, வில்லுக்கு 430, ரிலீஸுக்கு 50, ஆறு அம்புக்கு 65, முனைகளுக்கு 40. உங்கள் 600-க்குள் அடங்குகிறது. இந்த விலைக்குள் ஒரு பங்கு காட்டுக்கே திரும்பிப் போகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இருந்த உற்பத்தி வரி, 1972-ல் வில்லுக்கும் நீண்டது. வில்லுக்கு 11 சதவீதம். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். காம்பவுண்ட் வில் அங்கே இலக்கு எய்யும் விளையாட்டுக்கு மட்டும்.)

அம்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். வில் சுமாராக இருந்து அம்பு சரியாக இருந்தால் மான் கிடைக்கும். மறுபக்கம் அப்படி இல்லை. 55 பவுண்டு, 28 அங்குல அம்பு, 100 கிரெயின் முனை என்றால் 400 ஸ்பைன் (அம்பின் விறைப்பைச் சொல்லும் எண்) கார்பன் அம்பில் தொடங்கலாம். மொத்த எடை 400 கிரெயின் பக்கம் வரட்டும். பழைய அம்புகள் வீட்டில் இருந்தாலும் அவை 70 பவுண்டு வில்லுக்கு வாங்கிய விறைப்பான அம்புகள், இந்த வில்லில் ஒரு பக்கமாக விலகும். பத்து வருடம் கேரேஜில் கிடந்த கார்பன் அம்பை வளைத்து, முறுக்கி, காதருகே வைத்துக் கேட்காமல் நாணில் வைக்கவே வைக்காதீர்கள். மெல்லிய நறநற சத்தம் கேட்டால் அதை முறித்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் அம்பு நாண் விடும்போது சிதறினால், வில் பிடித்த கையின் கட்டைவிரல் பக்கம் சில்லு ஏறிவிடும்.

முனைக்கு நிலைத்த கத்தி, மூன்று அலகு, ஒன்றேகால் அங்குலத்துக்குள். விரியும் முனைகள் விரிவதற்கே கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். 50 பவுண்டு வில்லில் அந்த ஆற்றலை நான் விலாவுக்கு மிச்சம் வைப்பேன். பயிற்சி முனை போகும் இடத்துக்கே வேட்டை முனையும் போகிறதா என்று ஆகஸ்டிலேயே எய்து பார்த்துவிடுங்கள். போகவில்லை என்றால் தவறு உங்கள் கையில் இல்லாமல் வில்லின் டியூனிங்கில் இருக்கலாம். கடைக்காரர் காகிதத்தில் எய்து, கிழிசலைப் பார்த்து ரெஸ்ட்டைச் சரிசெய்வார். வில்லை இணையத்தில் 40 டாலர் மலிவாக வாங்குவதற்குப் பதில் பக்கத்துக் கடையில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். பீப் கட்டுவது, டி-லூப் போடுவது, டிரா லெங்த் அமைப்பது, காகித டியூனிங் எல்லாம் பெரும்பாலும் வில்லோடு சேர்த்தே செய்து கொடுப்பார்கள். தனியாகப் போனால் அந்த 40 டாலர் அங்கேயே போய்விடும்.

வாங்கும் முன் ஒன்று: எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று மறுபடி சோதியுங்கள். இரண்டு கைகளாலும் சின்ன முக்கோணம் செய்து தூரத்துப் பொருளை அதற்குள் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணுக்கு அது முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். 44 வயதில் இன்னொன்றும் சேரும். பீப்பும் பின்னும் முன்புபோலத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். பீப் ஓட்டை ஒரு அளவு பெரிதாக, பின் கொஞ்சம் தடிமனாக இருந்தால் மங்கிய வெளிச்சத்தில் உதவும். அதையும் கடையிலேயே பாருங்கள், முடிந்தால் விளக்கை அணைக்கச் சொல்லி.

பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 30 அம்பு என்று வையுங்கள். முதல் இரண்டு வாரம் ஐந்து கஜத்தில் நின்று, கண்ணை மூடி ரிலீஸை மட்டும் பழகுங்கள். தோள் வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ஜூலையில் நாற்காலியில் உட்கார்ந்து எய்யுங்கள், செப்டம்பரில் வேட்டை ஜாக்கெட்டோடு. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டின் அளவுதான், ஏறக்குறைய எட்டு அங்குலம். அன்றைக்கு எடுத்த முதல் அம்பு, உடம்பு சூடாகும் முன்பு எய்த அந்த அம்பு, எந்தத் தூரத்தில் எப்போதும் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். பத்து வருடம் முன்பு 40 கஜம் என்பதை மறந்துவிடுங்கள். இந்த வருடம் அது 22 கஜம் என்றால் 22-தான். மான் 30-ல் நின்றால் நாணைத் தொடாதீர்கள். ஒஹாயோவில் வில் பருவம் செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நீள்கிறது, காத்திருக்க நிறைய நாள் இருக்கிறது.

கேள்வியில் இல்லாத ஒரு செலவும் இருக்கிறது. உங்கள் பழைய மர ஸ்டாண்டும் அதன் பாதுகாப்புப் பட்டையும் வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டைகளை ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். துணியில் தையல் உள்ளுக்குள் இற்றுப்போவது கண்ணுக்குத் தெரியாது. புதுசு வாங்குங்கள். 600-ஐத் தாண்டினாலும் வாங்குங்கள், இல்லை என்றால் இந்த வருடம் தரையில் கூடாரத்தில் உட்காருங்கள். மரத்தில் ஏறும்போது வில் கையில் இருக்கக் கூடாது. பட்டையை மரத்தில் மாட்டி உட்கார்ந்த பிறகு, கீழே வைத்த வில்லைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள், அம்பு முனைகள் அம்புக்கூட்டின் மூடிக்குள் இருக்கட்டும்.